மாப்பிள்ளையின் பை

"இல்லை" என்ற சொல்லைக் கேட்டாலே என் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைக்காரர் சில்லறை இல்லை என்றால்கூட, "கல்லாவைத் திறந்து பாத்துட்டு சொல்லுங்க" என்பாள். அது பிறவிக் குணம் அல்ல. பார்த்த வேலை அவளை அப்படி ஆக்கிவிட்டது. அந்த வேலை இப்போது அவளிடம் இல்லை. ஏன் போயிற்று என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் பாதிக் கதை என் வீட்டிலிருந்தே கிளம்பியது என்பதால், மீதியை நான்தான் சொல்லியாக வேண்டும்.

விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டியை எடை போட்டு, டேக் ஒட்டி, பெல்ட்டில் அனுப்பி வைக்கும் கவுண்டரில் இருந்தாள். அங்கே ஒவ்வொரு பயணியிடமும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெட்டிக்குள் பேட்டரி, பவர் பேங்க், லைட்டர், கேஸ், பெயிண்ட், ஆசிட், தீப்பிடிக்கிற வேறு எதுவும் இருக்கிறதா? கேட்டு முடித்ததும் கம்ப்யூட்டரில் "கேட்டாயிற்று" என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது. மற்றவர்கள் எல்லாம் இந்தக் கேள்வியைப் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு பொத்தானை அழுத்திவிடுவார்கள். பயணியும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டிவிடுவான். கேட்டதும் பொய், சொன்னதும் பொய்.

அக்காவிடம் அது நடக்காது. "போனைக் கீழ வைங்க சார். என் முகத்தைப் பாத்து சொல்லுங்க. பையை யார் அடுக்கினாங்க? நீங்களா, வீட்லயா? அடுக்கினவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்பாள். கேட்டால்தானே தெரியும், என்னென்ன வெளியே வரும் என்று! மரம் அறுக்கும் மெஷினைக் கம்பளிக்குள் சுருட்டி வைத்திருந்த ஒருவன், "பெட்ரோல் டேங்க் காலிங்க" என்றான். டேங்க்கைத் திறந்ததும் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஷாம்பூ பாட்டிலில் பெயிண்ட் தின்னரை ஊற்றி எடுத்து வந்த ஒரு பெரிய மனிதர், பிடிபட்டதும் வெட்கப்படுவதை விட்டுவிட்டு, "என்னைப் பாத்தா திருடன் மாதிரியா தெரியுது?" என்று குதித்தார். இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பம், அடுப்புக்கான சின்ன கேஸ் டப்பாக்களைப் பிள்ளைகளின் பைகளில் ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்திருந்தது. கேட்டதற்கு அந்தத் தாய் சிரித்துக்கொண்டே, "சின்னப் பசங்க பையை யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாளாம். அதை அக்கா வந்து சொன்னபோது எனக்குக் கை பரபரத்தது. அந்தப் பைகள் எங்கே போகின்றன என்று நினைத்தாள் அந்தப் புண்ணியவதி? நேரே அவள் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குக் கீழேதான்.

மேலே ஒரு பேட்டரி புகைந்தால் யாராவது பார்ப்பார்கள், தண்ணீரை ஊற்றுவார்கள். கீழே பெட்டிகள் அடுக்கிய இருட்டறையில் பார்ப்பதற்கு யாரும் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் இதைச் சொன்னால், "ஒரு பவர் பேங்க்ல ப்ளேன் விழுந்துடுமா?" என்று கேட்பார்கள். அக்கா, "விழுந்தா வந்து சொல்றீங்களா?" என்பாள். புகார் எழுதிப் போட்டுவிட்டுப் போவார்கள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "இன்ஸ்பெக்டரம்மா, உங்க வரிசை மட்டும் ஏன் நகரவே மாட்டேங்குது?" என்பார். அவர் வைத்த பெயர்தான் அது. கூட வேலை பார்த்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்குச் சம்பள உயர்வு வரவில்லை. பெயர் மட்டும் வந்தது.

எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். அக்கா அதே விமான நிலையத்தில் வெயிலில் டிராலிகளைப் பொறுக்கிச் சேர்த்து வரிசையாகத் தள்ளிக்கொண்டு வரும் வேலையில் சேர்ந்து, பிறகு சக்கர நாற்காலி தள்ளி, அதன் பிறகுதான் கவுண்டருக்கு வந்தாள். நடுவில் அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அவன் கையை ஓங்கினான். இவள் வாங்கிக்கொண்டு இருக்கவில்லை, திருப்பிக் கொடுத்தாள். ஒரு வருடம் முடிவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா அவளை ஏற்றுக்கொண்டாள், ஆனால் மன்னிக்கவில்லை. "கொஞ்சம் வாயை அடக்கியிருந்தா இன்னிக்கு நல்லா இருந்திருப்பே" என்பதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

அதனால் என் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றால், என் வீட்டுக்காரர் தெய்வமாகிவிட்டார். இருக்கிற ஒரே மாப்பிள்ளை! அவர் வந்தால் ஃபேன் அவர் பக்கம் திரும்பும். அவர் சொன்ன ஜோக்குக்கு அம்மா இரண்டு முறை சிரிப்பாள். அவர் பேச்சில் தப்பிருக்கிறது என்று அக்கா எப்போதாவது வாயைத் திறந்தால் போதும், அம்மா அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "உன் புருஷனைத்தான் விட்டுட்டு வந்துட்டே. இவரையும் துரத்தப் போறியா? உன் தங்கச்சி வாழ வேண்டாமா?" என்பாள். கேட்டுக் கேட்டு அக்கா பழகிவிட்டாள். உலகத்தையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள், என் வீட்டுக்காரர் முன்னால் மட்டும், "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இதில் என் வீட்டுக்காரருக்கு ஏகப்பட்ட பெருமை. "உங்க அக்கா ஏர்போர்ட்ல எல்லாரையும் அதட்டுவாங்களாமே? என்கிட்ட பாரு, பேச்சே வராது" என்பார்.

அவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கை சுத்தம், வேலை சுத்தம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த விதியும் மற்றவர்களுக்குத்தான், தனக்கு இல்லை என்ற எண்ணம் அவருக்கு உண்டு. ஒரு நாள், வேறு ஊரில் இருக்கும் ஒரு வியாபாரியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார். தன் பையைத் தானே அடுக்கிக்கொண்டார். ஒரு பனியனைக்கூடத் தானாக மடித்து வைக்காத மனிதர் பை அடுக்குகிறாரே என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். புருஷன் ஒரு வேலையைத் தானாகச் செய்தால் எந்தப் பெண்டாட்டி சந்தேகப்படுவாள்? நன்றி சொல்லிவிட்டு நான் வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

கவுண்டரில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். மேனேஜர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வரிசையை விட்டு நேரே முன்னால் வந்து, "என்ன அண்ணி, நம்ம பையைக் கொஞ்சம் முதல்ல அனுப்பி விடுங்க" என்றாராம். அக்கா பையை வாங்கி எடை போட்டாள். பழக்கத்தில் வாயைத் திறந்து, "பையில பேட்டரி..." என்று ஆரம்பித்திருக்கிறாள். அவர் மேனேஜருக்கும் கேட்கும்படி சிரித்தார். "என்னைக்கூடவா கேப்பீங்க? நல்லா இருக்கே! வீட்டு மாப்பிள்ளையைச் சோதனை போடற அளவுக்கு வந்துட்டீங்களா?" மேனேஜரும் சிரித்தார். அக்காவும் சிரித்து வைத்தாள். கேள்வியை முழுங்கிவிட்டு, "கேட்டாயிற்று" பொத்தானை அழுத்தினாள். பை பெல்ட்டில் போனது.

பெல்ட்டுக்குப் பின்னால் பைகளை எக்ஸ்ரே மெஷினில் பார்ப்பதற்கு ஆள் உண்டு. அன்றைக்கு இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவன்தான் இருந்தான். துணிகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டி தெரிந்திருக்கும். அவன் விட்டுவிட்டான். பை விமானத்தின் அடிவயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே பெட்டிகளை அடுக்குகிறவர்களில் ஒருவரை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள். ஆள் அவ்வளவு உயரம். அந்த இடமோ நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். நாள் முழுவதும் முட்டி போட்டுக்கொண்டு, வருகிற பெட்டிகளை வாங்கிப் பின்னால் தள்ள வேண்டும். அவர் நிலையத்தின் சம்பளக்காரர் அல்ல, கான்ட்ராக்ட் கம்பெனி ஆள். அக்காவைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். டிராலி தள்ளிய காலத்திலிருந்து அவர்களுக்குப் பழக்கம்.

என் வீட்டுக்காரரின் பை அவர் கையில் புகைந்தது. அதை இழுத்துக்கொண்டு முட்டியாலேயே கதவு வரைக்கும் வந்து, கீழே சிமெண்ட் தரையில் வீசினார். விழுந்ததும் பை வெடித்து எரிந்தது. அவருடைய வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. கழுத்தில் ஒரு பக்கமும் பட்டிருந்தது. உள்ளே போன புகை மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேலே உட்கார்ந்திருந்த பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் இறங்கினார். தூரத்தில் நின்று அந்தத் தீயைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். "எங்க ஃப்ளைட்ல தீ, பாத்தியா" என்று எழுதியிருந்தார். எரிவது தன்னுடைய பை என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தெரிந்த பிறகு என்ன செய்தார்? "பழைய போன் ஒண்ணு துணிக்குள்ள மறந்து கிடந்திருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு போன்தானே என்று விமான நிலையத்துக்காரர்களும் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். எரிந்து கட்டியான கரியை உடைத்து உள்ளே என்ன இருந்தது என்று பார்க்க அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. பார்த்தால் எக்ஸ்ரேயில் ஏன் ஒருவனை மட்டும் உட்கார வைத்தீர்கள் என்ற கேள்வி வரும். அதைவிடச் சுலபமாக ஒருவர் கிடைத்தார். கேமராவில் ஒட்டகம் பையைத் தூக்கி எறிவது பளிச்சென்று பதிவாகியிருந்தது. "பையை முரட்டுத்தனமா வீசினதால போன் உடைஞ்சு தீப்பிடிச்சது" என்று கான்ட்ராக்ட் கம்பெனி எழுதியது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவரிடம் போய், விசாரணை முடியும்வரை வேலை இல்லை, வைத்தியமும் உன் பாடு என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சொன்னவனுக்கு வாய் கூசவில்லை!

அக்காவும் ஒரு போன் என்றே நம்பினாள். பழைய போன் ஒன்று மறந்து கிடந்திருந்தால், கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் அவளால் போக முடியவில்லை.

எனக்கு உண்மையைச் சொன்னது எறும்புகள். சமையலறை மேல்தட்டில் சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தன. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவரில் சர்க்கரை. நான் சர்க்கரை போட்டு வைக்கும் பெரிய பிஸ்கட் டின்னைக் காணோம். என் வீட்டில் சர்க்கரையைக் கவரில் கொட்டிவிட்டு டின்னை எடுக்கிறவர் வேறு யார்? கடையிலிருந்து வந்ததும் கேட்டேன். முதலில் கத்தினார். பிறகு சொன்னார். கடையில் மாற்றிப்போட்ட பழைய பேட்டரிகள், வீங்கிப்போனவை, ஒரு டின் நிறைய. அந்த ஊரில் ஒருவன் எடுத்துக்கொள்கிறானாம்.

"கூரியர்ல அனுப்ப வேண்டியதுதானே?"

"கேட்டேன். இதெல்லாம் எடுக்க மாட்டோம், தீப்பிடிக்கும்னுட்டான்."

தெரியாமல் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தெரிந்தே தகர டின்னுக்குள் ஒன்றோடு ஒன்று உரசும்படி அடைத்து, அந்த விமானத்திலேயே ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அடுத்த நாளே நான் அம்மா வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். என் பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். அம்மா வழக்கம்போல ஃபேனைத் திருப்பிவிட்டாள்.

"அண்ணி, இதுல யாருக்கும் பிரச்சனை இல்ல" என்று அவர் ஆரம்பித்தார். "நீங்க கேட்டதா கம்ப்யூட்டர்ல இருக்கு. நான் ஒரு போன்னு எழுதிக் குடுத்தாச்சு. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும். நீங்க கேக்கலன்னு வெளிய தெரிஞ்சா உங்க வேலைதான் போகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அந்த ஒட்டகம் அண்ணன்?" என்றேன்.

"அவரைப் பத்தி நமக்கென்ன? அவர் எறியாம வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

அம்மா அதற்கும் தலையாட்டினாள். "யாரோ எவனோ ஒருத்தனுக்காகக் குடும்பத்தைச் சந்திக்கு இழுக்கணுமாடி? புருஷனையே காட்டிக் குடுக்கலாமா?"

எனக்குத் தலைக்கு ஏறியது. "அம்மா, நல்லா கேட்டுக்கோ. அந்த யாரோ எவனோ மட்டும் பையைத் தூக்கி எறியாம இருந்திருந்தா, காட்டிக் குடுக்கறதுக்கு இன்னிக்கு எனக்குப் புருஷனே இருந்திருக்க மாட்டாரு. ஃபேனை யார் பக்கம் திருப்பியிருப்பே?"

என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். அப்போதுதான் அக்கா துண்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நான் கேக்கல. இப்பக் கேக்கறேன். பையில என்ன இருந்துச்சு?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"என் முகத்தைப் பாத்து சொல்லுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா என்னிடம், "நாளன்னிக்கு விசாரணை. நான் கேக்கலன்னு சொல்லிடப் போறேன். டின் விஷயம் எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்" என்றாள். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

விசாரணை, விமான நிலைய அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. அக்காவோடு நானும் போய் உட்கார்ந்தேன். குளிரூட்டிய அறை. மேஜை மேல் யாரும் குடிக்காத தண்ணீர் பாட்டில்கள். வாசலிலேயே மேனேஜர் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். "எதுக்கும்மா வலியப் போய் மாட்டிக்கறீங்க? கேட்டதா சிஸ்டமே சொல்லுது. ஆமாம்னு ஒரு தலையாட்டு, முடிஞ்சுது" என்றார். இத்தனை வருடங்களாக ஏன் கேட்கிறாய் என்று அவளைப் படுத்தி எடுத்த அதே மனிதர்!

உள்ளே விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. எதிரே கான்ட்ராக்ட் கம்பெனிக்காரன். மூலையில் ஒட்டகம், வலது கை முழங்கை வரைக்கும் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நாற்காலி அவருக்குச் சின்னதாக இருந்தது.

அக்கா எழுந்து நின்றாள். "நான் அந்தப் பயணிகிட்ட கேள்வி கேக்கல. கேக்காமலேயே கேட்டதா பொத்தானை அழுத்தினேன். அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். அதனாலதான் கேக்கல" என்றாள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பெனிக்காரன் விட்டானா? "சரி மேடம், அவங்க தப்பு அவங்களோட. பையை எறிஞ்சது எங்க ஆளுதானே? ஒரு போனா இருந்தாலும் அப்படி எறிஞ்சா வெடிக்கத்தான் செய்யும்" என்றான். எங்கள் ஆளாம்! வேலை இல்லை என்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னபோது அவர் யார் ஆளாக இருந்தார் என்று தெரியவில்லை. அக்கா வேலையை விட்டுக்கொடுத்தும் ஒட்டகத்தின் தலையில் கட்டிய பழி இறங்கவில்லை. ஒருவருக்குப் பதில் இரண்டு பேரைத் தண்ணீர் தெளித்து அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது.

நான் எழுந்தேன்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"அந்தப் பைக்காரரோட பொண்டாட்டி. அதுக்குள்ள இருந்தது ஒரு போன் இல்லீங்க. என் வீட்டு பிஸ்கட் டின். அது நிறைய வீங்கின பேட்டரி."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "இதைச் சொன்னா உங்க கணவர் மேல வழக்கு வரும். தெரியும்ல?" என்றார்.

"தெரியுங்க. வரட்டும். அவர் உயிரோட கோர்ட்டுக்குப் போறதுக்குக் காரணமே கையில கட்டோட உக்காந்திருக்கிற இவர்தான்."

அதிகாரி கேமராப் பதிவை மறுபடி போடச் சொன்னார். கம்பெனிக்காரன் காட்டிய துண்டு, ஒட்டகம் கையை வீசுவதிலிருந்துதான் ஆரம்பித்தது. "முன்னாடியிலிருந்து போடுங்க" என்றார். போட்டார்கள். வீசுவதற்கு முன்பே கதவின் மேல்விளிம்பு வழியாகப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும். இத்தனை நாளும் அதைப் பார்க்காமல் இருந்ததற்கு அவனை என்ன செய்தாலும் தகும். நானாக இருந்தால் அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் மண்டையில் போட்டிருப்பேன்.

ஒட்டகத்தின் மேல் குற்றம் இல்லை, வேலையும் வைத்தியமும் கம்பெனியின் பொறுப்பு என்று அதிகாரி எழுதினார். எரிந்த கரியைப் பரிசோதனைக்கு அனுப்பவும் சொன்னார். அக்காவிடம், "நீங்க உண்மையைச் சொன்னீங்க, சரி. ஆனா கேக்காமலே கேட்டதா பதிவு செஞ்சிருக்கீங்க. உங்களை அந்த கவுண்டர்ல திரும்ப உக்கார வைக்க என்னால முடியாது" என்றார். அக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அதைத் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள்.

வெளியே வந்தோம். நடைபாதையில் லிஃப்ட்டுக்காக ஒட்டகம் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரிடம் போனாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் எங்களுக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நான் புருஷனைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இவள் வேலையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு நல்ல வார்த்தைக்காவது எங்களுக்குப் பாத்தியதை இல்லையா?

"அண்ணே..." என்றாள் அக்கா.

"சொல்லுங்க மேடம்" என்றார்.

அந்த மேடம் என்னையே சுட்டது. அவரே பேசினார். புகை குடித்த தொண்டை, கரகரத்தது.

"உள்ள சொல்லாத ஒண்ணு இருக்கு. சொன்னா உங்க வேலைக்கு ஆபத்து வரும்னு இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பை கையில வந்ததுமே ஒரு மாதிரி வாடை வந்துச்சு. சூடாவும் இருந்துச்சு. வேற யார் அனுப்பின பையா இருந்தாலும் போட்டுட்டு கீழ குதிச்சு ஆளைக் கூப்பிட்டிருப்பேன். டேக்கைப் பாத்தேன். உங்க பேனாக் கோடு இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "உங்க அக்கா கேட்டு முடிச்ச பையோட டேக்ல பேனாவால ஒரு கோடு போடுவாங்க. கம்பெனி சொல்லிக் குடுத்தது இல்ல, இவங்களா போடறது. கீழ வேலை செய்யற எங்களுக்குத்தான் அது தெரியும். கோடு இருந்தா பயம் இல்ல. அதைப் பாத்துத்தான், ஏதோ சென்ட் பாட்டில் உடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். நெனச்சு, ஜிப்பைத் திறந்து கையை உள்ள விட்டேன்."

"கை தானா கோடு போட்டுடுச்சு அண்ணே" என்றாள் அக்கா. "நான் கேட்டிருக்கணும்."

"ஆமா" என்றார் அவர். "கேட்டிருக்கணும்."

லிஃப்ட் வந்தது. இடது கையால் பொத்தானை அழுத்தி, குனிந்து உள்ளே போனார். மூன்று பேருக்கு இடம் இருந்தது. அவர் எங்களை வரச் சொல்லவில்லை, நாங்களும் ஏறவில்லை.